இடக்கை இருக்கை

நாரினிலிருந்து கொண்டுவந்த மதிப்பெண் தாளில்
எல்லாமே ஐந்து.
உடற்பயிற்சியில் மட்டும் நான்கு.
ஆலோசகர் திருமதி ப்ரூயிட்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
"நூற்றுக்கா?" என்று கேட்டார்.

அப்பா நெப்ராஸ்காவரை லாரி ஓட்டிவிட்டு
நேரே பள்ளிக்கு வந்திருந்தார்.
சொல்ல வேண்டிய ஆங்கிலம்
நெடுஞ்சாலையில் எங்கோ இறங்கிக்கொண்டது போல.
கையை விரித்துக் காட்டினார்.
ஐந்து விரல். அதற்கு மேல் எங்களிடம் கிடையாது.
திருமதி ப்ரூயிட் சிரித்தபடி
தன் உள்ளங்கையால் அதில் ஓங்கித் தட்டினார்.

முத்திரை மங்கல் என்று
பத்து முடித்தவளை ஒன்பதில் எழுதினார்கள்.
தொகைநுண்கணிதம் தொட்டுவிட்டு வந்தவள்
மறுபடி எக்ஸைத் தேடினேன்,
வீட்டுக்குள்ளேயே இருக்கும் சாவியைத் தேடுவதுபோல.
அதிலும் பாதி தப்பு.
என் ஒன்றுக்கு மூக்கு உண்டு.
சிகாகோவில் ஒன்று வெறும் குச்சி.
நான் எழுதிய பதினொன்றை
எழுபத்தேழு என்று படித்துச் சுழித்திருந்தார்கள்.

முதல் நாள்
ஆசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன்.
நான் மட்டும்.
அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்,
யாருக்காக நிற்கிறேன் என்று.
வெட்கி உட்கார்ந்த அதே நொடி
ஒலிபெருக்கி ஏதோ சொல்ல
வகுப்பு மொத்தமும் கொடியைப் பார்த்து எழுந்தது.
இம்முறை நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே இருக்கைகள் தனித்தனி.
நாற்காலியின் வலது தோளிலிருந்து
ஒரு பலகை முளைத்து வந்து
மடிமேல் வளைகிறது.
இடக்கைக்காரி நான்
பேருந்து ஜன்னலில் சரிந்து தூங்குபவள் மாதிரி
உடம்பைத் திருகி எழுதினேன்.
"இடக்கை இருக்கை ஒன்று இருந்தது" என்றார் துப்புரவாளர்.
இருந்தது, அவ்வளவுதான்.

நாரினில் ஒரு மேசைக்கு இருவர்.
இரண்டாம் வகுப்பிலிருந்து நானும் ஜில்திஸும்.
ஒரு சண்டையில் அவள் காம்பஸ் முனையால்
மேசை நடுவே கோடு கிழித்தாள்.
சமாதானம் அன்று மாலையே ஆகிவிட்டது.
கோடு எட்டு வருஷம் இருந்தது.
ஒவ்வொரு செப்டம்பரிலும் மேசைக்குப் பெயிண்ட் அடிப்பார்கள்,
ஒவ்வொரு செப்டம்பரிலும் அதன்மேல் திரும்பக் கீறுவோம்,
எதற்கென்று கேட்காமல்.

நவம்பரில் அவளிடமிருந்து செய்தி வந்தது.
எனக்கு நண்பகல், அவளுக்கு நள்ளிரவு.
என் இடத்தில் புதுப் பெண் ஒருத்தி, பெயர் அய்பேரி.
நல்லவளாம். வலக்கைக்காரியாம்.
"முழங்கை இடிக்கிறது, பெகிமாய்.
கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டேன்."
சாப்பாட்டுத் தட்டை அப்படியே
தொட்டியில் கவிழ்த்தேன், ஆரஞ்சும் சேர்ந்து விழுந்தது.
பிறகு ஆரஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வேதியியல் கூடத்தில் மேசை நீளம். இருவருக்கு ஒன்று.
பக்கத்தில் ஹலீனா. பட்டாணிப் பச்சை நகப்பூச்சு.
அவள் வலது முழங்கையும் என் இடது முழங்கையும்
மோதிக்கொண்டதில் குடுவையின் நீர் தளும்பியது.
சாரி என்றாள். சாரி என்றேன்.
இந்த ஊரில் சாரி என்பது இருமல் மாதிரி.
மறுபடி மோதல். மறுபடி சாரி.

இடம் மாற்றிக்கொள்ளலாமா என்பதற்கு
என்னிடம் வாக்கியம் இல்லை.
பையைத் தூக்கிக்கொண்டு
மேசையைச் சுற்றிப்போய்
அவளுக்கு இடப்பக்கம் நின்றேன்.
அவள் என் கையைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள்,
"ஓ" என்று நகர்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் நோட்டில் விரல் வைத்து,
"ஏழு கிராமா?"
"ஒன்று."
"இதுவா ஒன்று?"
"ஒன்று."
தன் நோட்டின் ஓரத்தில்
மூக்கு வைத்து ஒன்று எழுதிப் பார்த்தாள்.
கோணலாக வந்தது, கொக்கி மாதிரி.
அழிக்கவில்லை.

மணி அடித்தது.
அடுத்த அறை இரண்டாம் மாடியில், கடைக்கோடியில்.
நாலு நிமிஷம்.