எட்டு பிக்சல்

என் கேமராவின் சென்சார் சிறியது.
பெரியது வாங்கு என்று
டோர்ஷாவ்ன் கடைக்காரன் மூன்று வருடமாகச் சொல்கிறான்.
எனக்கு இது போதும், வெட்டிக்கொள்வேன்.

ஜூன் மாதத்து ஆலா ஒன்று
வாயில் மீனோடு திரும்பிய நொடி.
முக்கால் படத்தை வெட்டியெறிந்து
அலகும் கண்ணுமாக
துறைமுகக் காபிக்கடைச் சுவரில் மாட்டினேன்.
வந்தவர்கள் பறவையைப் பார்த்தார்கள்.
ரன்வா மட்டும் கேட்டாள்:
"இதன் மிச்சம் இருக்கிறதா?"

அன்று இரண்டேகாலுக்கு
ஹோக்னியின் படகு அந்தப் பக்கம் போனது.
பிறகு எந்தப் பக்கமும் வரவில்லை.

வெட்டாத கோப்பைத் திறந்தேன்.
மேலே, இடது மூலையில், கடல்.
நூறு சதம். இருநூறு.
எண்ணூறில்
படகு எட்டு பிக்சல் நீளம்,
அதில் ஒன்று சிவப்பு.

"நாய்ஸாக இருக்கலாம்," என்றேன்.
உண்மை பேசும் இடம் அதுவல்ல என்பது
பேசிய பிறகுதான் உறைத்தது.

"அவன் தொப்பி சாம்பல் நிறம்," என்றாள்.
"சிவப்பு, தெர்மாஸ்."

ஆறு மீட்டர் படகு, எட்டு பிக்சல்.
ஒன்றுக்கு முக்கால் மீட்டர்.
அவ்வளவு பெரிய தெர்மாஸ்
உலகத்தில் கிடையாது.
இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

படகை மட்டும் பெரிதாக்கித் தரட்டுமா?
வேண்டாம், பெரிதாக்கினால் கட்டம்தான் தெரியும்,
முழுதாகக் கொடு என்றாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன்.
சமையலறையில், மேசைக்கு மேல்,
யாரும் படம் மாட்டாத தாழ்வில் மாட்டியிருக்கிறாள்.
ஆலாவின் பாதியை ரொட்டிக்கூடை மறைக்கிறது.

உட்கார்ந்தால்
இடது மேல் மூலை
கண்ணுக்கு நேரே.