இரண்டாம் நோடு

வண்ணார்பேட்டை, மாலை ஐந்தே கால்.
ஏ.சி. குளிரில் டீயின் மேல் ஆடை கட்டிவிட்டது.
சேரன்மகாதேவிக் கிளையிலிருந்து ஆவுடையப்பன்:
"ஸ்கிரீன் சுத்திக்கிட்டே கெடக்கு சார்,
ஒரு அம்மா சங்கிலிய மீட்க வந்து
ஒரு மணி நேரமா நிக்காவ."

முதல் நோடில் பார்க்கிறேன்.
முப்பத்தொரு செஷன், எல்லாம் காத்திருப்பு.
பூட்டியவர் யாருமில்லை.
"நீருதான் எதையோ திறந்து போட்டுட்டு
எந்திரிச்சுப் போயிருப்பீரு, பாரும் வே."
அவரிடம் பதிலில்லை,
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பிறகுதான் மூன்று நோடையும் சேர்த்துக் கேட்கிறேன்.
அம்பை, களக்காட்டின் முதுகில்;
களக்காடு, வள்ளியூரின் முதுகில்;
வரிசை வளைந்து போய்
இரண்டாம் நோடில் ஒற்றைச் செஷனில் முட்டுகிறது.
சும்மா இருக்கிறது அது,
நாலு பத்து முதல்.
ரசீது எண் தரும் அந்த ஒரே வரியைத் திருத்திவிட்டு
கமிட் கொடுக்காமல்
டீ வாங்கப் போயிருக்கிறது.

பயனர் பெயர் என்னுடையது.

கொல் என்று தட்டி
என் எண்ணைக் கொடுக்கிறேன்.
முப்பத்தொன்று, ஒன்பது,
பூஜ்யம்.

"வந்துட்டு சார். என்னவாம்?"
"நெட்வொர்க்" என்கிறேன்.
போனுக்கு அந்தப்பக்கம்
தராசுத் தட்டில்
சங்கிலி விழுகிறது.