ஆட்சேபணைக்குக் கடைசி நாள்

வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள்,
கடைகளுக்கு நீலம்.
கண்மாய்க்கும் நீலம் என்பதால்
முதல் பிரதியில் இரண்டும் கலந்துபோய்
வண்டியூர்ப் பக்கம் ஒரு கடைவீதியே தண்ணீரில் நின்றது.
"ஐப்பசியில அப்படித்தானே நிக்கும்" என்றார்
பக்கத்து மேசை சர்வேயர் சோணைமுத்து.

நான் படம் வரைகிறவன்.
நகரமைப்பு அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம்.
இந்த ஊரை முதலில் வரைந்தவனுக்கு வேலை சுலபம்:
நடுவில் கோயிலை வைத்தான்,
சுற்றிச் சுற்றி மாசங்களை வைத்தான்.
ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி.
அதற்கும் வெளியே வெளிவீதி.
அதைத் தாண்டினால் மாசம் கிடையாது,
மாச வாடகை மட்டும்தான்.

ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தரலாம்,
அறுபது நாள் கெடு.
வந்தவை நூற்றுச் சொச்சம். அதில் முக்கால்வாசி
தன் வயல் ஏன் இன்னும் பச்சையாகவே இருக்கிறது என்று.
நெல் முற்றினாலும் மஞ்சளாகும்;
அவர்கள் கேட்டது
சென்ட் விலை மூன்று மடங்காகும் மஞ்சள்.

கடைசி நாள், மாலை நாலே முக்கால்.
ஒச்சம்மாள் வந்தாள்.
டவுன்ஹால் ரோட்டு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள்,
விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"வீடு குடுத்தாங்க சார், குத்தம் சொல்லல.
கரண்டு இருக்கு, கக்கூஸ் இருக்கு,
மூணாவது மாடியில நல்ல காத்து.
நான்தான் அங்க இல்ல."

பதினேழு கிலோமீட்டர்.
கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு.
பரோட்டாக் கல் ஆறும்போது மணி ஒன்றரை.
தூங்காத ஊர் என்று நமக்கொரு பெருமை உண்டு.
தூங்கவிடாமல் அதைப் பார்த்துக்கொள்கிறவள்
வாரத்தில் நாலு ராத்திரி
வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறாள்.

"ஸ்டேஷனுக்குப் பின்னால பூட்டுன மில்லு ஒண்ணு கெடக்கே,
அதுக்கு என்ன கலர் அடிச்சிருக்கீங்க?"

பார்த்தேன். ஊதா.
ஊதா என்றால் தொழிற்சாலை.
உள்ளே தொழிலும் இல்லை, சாலையும் இல்லை,
ஆள் உயரத்துக்குக் கருவேல் நிற்கிறது.

மனுவில் நிரந்தர முகவரி என்றொரு கட்டம்.
அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள்.
"பஸ் நம்பரப் போடவா?" என்றாள்.
சிரித்தது நான் மட்டும்தான்.

அவள் போனபிறகு பென்சிலை எடுத்தேன்.
மில் சுவரை அப்படியே விட்டு, உள்ளே நாலு மாடி.
கீழே கடைகள், அந்த வருமானத்தில் பராமரிப்பு.
பத்துக்கு நாலு வீடு விற்பனைக்கு இல்லை;
நகராட்சியே வாடகைக்கு விடும்,
சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் வாங்காது.
யார் ஒப்புக்கொள்வார்கள் என்று தெரியாமல்
கோடு மட்டும் நேராக வந்தது.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"பார்க்கிங் காட்டலையே?"
"அவங்ககிட்ட கார் இல்ல மேடம்."
"விதி இருக்கே, செல்லையா."

இருக்கிறது.
விதிப்படி ஒரு கார் நிற்க
நூற்றி முப்பத்திநாலு சதுர அடி.
நான் போட்ட அறை பத்துக்குப் பன்னிரண்டு.
பெருக்கிப் பார்த்தார்.
இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தார்.
"அழிக்க வேணாம். தனித் தாள்ல போட்டு
ஃபைல்ல வை" என்றார்,
யாரிடமோ கோபித்துக்கொண்டவர் மாதிரி.

எனக்கும் வில்லாபுரத்தில் வாடகை வீடுதான்.
தை பிறந்தால் ஆயிரத்து ஐந்நூறு கூட்டுவாராம்,
மதியம் போனில் சொன்னார்.
அதை மனுவாக எழுத எனக்குக் கட்டம் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல்
அந்தப் பத்தே முக்கால் பஸ்ஸைப் பார்க்கவென்றே நின்றேன்.
பாதிக்கு மேல் காலி.
டிரைவர் யாருக்காகவோ இரண்டு நிமிஷம் கூட நின்றார்,
ஓட்டல் பக்கம் திரும்பி ஒரு தடவை ஹாரன் அடித்தார்.
உள்ளே கொத்துப் பரோட்டா கொத்துகிற சத்தம்.
அதில் அது கேட்டிருக்காது.