இடது பகல்விளக்கு

ஷுவைக் கராஜில் காலை பத்து மணி,
நாற்பத்தாறு டிகிரி.
"இந்த வெயிலுக்கு விளக்கு வேறயா?"
சிரிக்கிறார் அபு தலால்.
பரிசோதனையில் வண்டியைத் திருப்பிவிட்டார்களாம்.

ஃபியூஸ் போகவில்லை.
சாக்கெட்டில் மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறது,
நான் நம்பவில்லை.
சுமை ஏற்றாதவரை
எல்லா வயரும் முழு வோல்ட்தான்.

பழைய பல்பு ஒன்றைக் கோத்தேன்.
முள் மூன்றுக்கு விழுந்தது.

கறுப்பு வயரோடு விரல் போய்
பம்பருக்கடியில் நின்றது:
எர்த் முனையில் பச்சைக் களிம்பு,
கடற்காற்றின் வேலை.
உப்பு தின்றதை
உப்புத்தாளால் தேய்த்து
போல்ட்டை இறுக்கினேன்.

"எரியுதா?"
தெரியவில்லை. அவ்வளவு வெயில்.
அவர் இரண்டு கை, நான் இரண்டு கை,
விளக்கைச் சுற்றிக் கூடாரம் கட்டினோம்.

உள்ளே,
வெள்ளையாக,
எரிந்துகொண்டுதான் இருந்தது.