வெயிலில் வைப்பர்

தக்கலையில் இடப்பக்கம் திரும்ப
கை தானாக வலப்பக்கக் கம்பியைத் தட்டியது.
பங்குனி வெயில். ஒரு பொட்டு மழையில்லை.
கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று
இல்லாத தண்ணீரைத் துடைக்கிறது.
பின்னால் வந்த பைக்காரன்
நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியாமல்
வானத்தைப் பார்த்தான்.

பத்தொன்பது நாள்தான் இருந்தேன்
ஹமாமாட்சுவில், லிஜோவின் ஒற்றை அறையில்.
"இங்கேயும் இடப்பக்கம்தான், நம்மூர் மாதிரியாக்கும்"
என்று போனில் சொல்லியிருந்தான்.
கம்பிகள் இடம் மாறியிருப்பதைச் சொல்லவில்லை.
முதல் வாரம் முழுக்க
ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த ஊரைத் துடைத்தேன்.

மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீசில்
மூன்று தடவை அலைந்து வாங்கிய பெர்மிட்டை
வாடகைக் கார் கடைப் பெண்
இரண்டு கையாலும் ஏந்தி
ஞானஸ்நானச் சீட்டைப்போல் வாசித்தாள்.
பிறகு காரைச் சுற்றி வந்து
நகக்கீறல் அளவு கோட்டையும் படத்தில் குறித்தாள்.
என் ஆல்டோவுக்கு இப்படிக் குறிப்பதென்றால்
நாற்பது பக்க நோட்டு வேண்டும்.

பெட்ரோல் பங்க்கில் ஒருவர் சாலைக்கு ஓடி
வருகிற வண்டிகளை நிறுத்தி
எனக்கு வழிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.
கண்ணாடியில் பார்க்கிறேன், இன்னும் குனிந்தபடி.
காசு கொடுக்க மறந்துவிட்டேனோ என்று
அடுத்த வளைவில் நிறுத்தி ரசீதைத் தேடினேன்.

வழிவிட்டவனுக்கு நன்றி சொல்ல
நான்கு விளக்கையும் இரண்டு தரம் சிமிட்ட வேண்டும்,
லிஜோ சொல்லித் தந்தான்.
எங்களுக்குள் அந்த ஆண்டு
அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

ஒரே ஒரு முறை ஹாரன் அடித்தேன்.
வயல் நடுவே ஒற்றைச் சாலை,
நாயோடு ஒரு கிழவர் போய்க்கொண்டிருந்தார்.
நம்மூரில் அது ஹாரனே இல்லை,
'வாறேன்' என்று சொல்வது, அவ்வளவுதான்.
அவர் ஓரத்துக்கு ஒதுங்கி,
நாயையும் ஒதுக்கி,
என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.
மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிய
அரைக் கிலோமீட்டர் ஆயிற்று.
லிஜோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அதற்குப் பிறகு என் உள்ளங்கை
ஸ்டியரிங்கின் நடுவைத் தொடவில்லை.

இன்று இரணியல் பக்கம் ரயில்வே கேட்.
கேட் திறந்துதான் இருந்தது.
கால் பிரேக்கில் போய் நின்றது.
அங்கே திறந்த கேட்டிலும் நிற்க வேண்டும்,
கண்ணாடியை இறக்கி,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம், காது கொடுத்து.
நியூட்ரல் போட்டேன், ஹேண்ட்பிரேக் இழுத்தேன்.
தண்டவாளம் வெயிலில் மினுங்கியது.
ஒரு காக்கை.
நாகர்கோவில் பக்கம் ஒன்றுமில்லை,
குழித்துறை பக்கமும்.

பின்னால் மீன் ஆட்டோ அலறியது,
அதன் பின்னால் மினி பஸ்,
அதன் பின்னால் யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம்.
"பெண்ணாக்கும் ஓட்டுது."
"வண்டி நின்னு போச்சு போல."
"எலே சஜின், எறங்கு."
மூன்று பேர், பிறகு ஐந்து பேர்,
மீன் மணக்கும் கைகள் டிக்கியில் பதிந்தன.
"எக்கா, நீங்க ஸ்டியரிங்க மட்டும் நேரா பிடிங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஹாரன் சத்தத்தில் அது
யார் காதிலும் விழவில்லை.

சொல்லியிருக்கலாம்.
ஆனால் இத்தனை பேர் இறங்கி வந்த பிறகு
எப்படிச் சொல்வது?
ஹேண்ட்பிரேக்கை
மெதுவாக விடுவித்தேன்.

தண்டவாளம் ஒன்று, இரண்டு,
கார் தொட்டில்போல் ஏறி இறங்கியது.
அக்கரையில் வைத்து
நான்கு விளக்கையும் இரண்டு தரம் சிமிட்டினேன்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு,"
வியர்வையைத் துடைத்தபடி சஜின் கத்தினான்,
"செல்ஃப் மோட்டாரைப் பாருங்கக்கா!"