காரணம் என்றொரு கட்டம்

சான்டியாகோவிலிருந்து மெல்பர்ன்
பதினோராயிரத்து இருநூற்றெண்பது கிலோமீட்டர்.
போகப் பதினான்கு மணி நேரம்,
வரப் பன்னிரண்டு.
தூரம் ஒன்றுதான். காற்றுக்குத்தான் ஓரவஞ்சனை.

எலியானா வென்ச்சுமிலுக்கு இது மனப்பாடம்.
ஜன்னலில்லாத அறையில், நான்கு திரைகளின் முன்னால்,
வாரம் மூன்று இரவு
இந்த வழியைப் போட்டுக்கொடுப்பவள் அவள்.
தட்டையான படத்தில் அது
ஈரத்துணி போட்ட கொடிபோல் தெற்கே தொங்கும்.
உருண்டையில் நூல் பிடித்து இழுத்தால் நேர்.
இரண்டையும் அவள் நம்புகிறாள்.

செவ்வாய் இரவு பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பினால்
வியாழன் விடியுமுன் இறங்கலாம்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்போம் நாம்;
இதில் ஏறியவர்களுக்கு அது
பழமொழி இல்லை, கால அட்டவணை.

இன்று பயணிகள் இருநூற்று நாற்பத்தொன்று.
ஆளுக்கு எண்பத்து நான்கு கிலோ என்று
வைத்துக்கொள்வது வழக்கம், கைப்பை உட்பட.
முப்பத்து நான்காம் வரிசை, ஜன்னலோரம், ரெனாட்டோ.
பத்தொன்பது வருடம் கணவன்.
மார்ச்சிலிருந்து இல்லை.
எண்பத்து நான்கெல்லாம் கிடையாது அவன்.
வழக்கறிஞர் அலுவலகப் படியில் கடைசியாகப் பார்த்தபோது
பெல்ட்டில் புதிதாக ஒரு துளை,
ஆணியால் போட்டது, கோணலாக.

கூடுதல் எரிபொருள் என்றொரு கட்டம்.
விதி கேட்பதெல்லாம் மேலே நிரப்பியாகிவிட்டது.
நானூறு என்று அடித்தாள்.
பக்கத்தில், காரணம் என்றொரு கட்டம்.
அது கொஞ்ச நேரம்
காலியாகவே கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
எதிர்க்காற்று, என்று எழுதினாள்.

கேப்டன் உருட்டியா அழைத்தார்.
"முன்னறிவிப்பில் காற்று ஒன்றும் மோசமில்லையே?"
"இல்லை."
அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.
நானூறைச் சுமந்து போவதற்கே
அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எரிந்துபோகும்.
இருவருக்கும் தெரியும்.

பனிக்கண்டத்தின் ஓரம். ரேடார் எட்டாத கடல்.
பதினான்கு நிமிடத்துக்கு ஒருமுறை
திரையில் ஒரு புள்ளி, இதோ இருக்கிறேன் என்கிறது.
இடைப்பட்ட நேரத்தில்
அது எங்கே என்பது வெறும் கணக்கு.
காலை ஏழுக்கு வேலை முடிந்தது.
நாற்காலியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு
அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்,
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு,
பசியில்லாமல்.

இறங்கிவிட்டது என்ற செய்தி பிற்பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு.
மிச்சம் என்ற வரியில்
தேவைக்கு மேல் இருநூற்று நாற்பது கிலோ.

அங்கிருந்து மாலை ஆறுக்குப் புறப்படுவது
அதே நாள் நான்கு மணிக்கே இங்கு வந்துவிடும்,
கிளம்பியதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக.
பின்னாலிருந்து தள்ளும் காற்றுக்கு
யாரும் விலை போட்டதில்லை.
அவன் எடுத்தது ஒருவழிச் சீட்டு.
இது திரை காட்டவில்லை,
அவன் தங்கை சொன்னது.

வெளியே டிசம்பர் வெயில்.
பேருந்துக்கு நின்றாள்,
மிச்சமிருந்த அரைப் புதன்கிழமையோடு.