இரண்டு கட்டப் படகோட்டி

வாரத்தொடரில் அவனுக்குக் கிடைத்தது
இரண்டே கட்டம்.
ஒன்றில் முதுகு.
அடுத்ததில் துடுப்பும் ஒரு கையும்.
இளவரசி அக்கரை சேர்ந்ததும்
'படகோட்டி அன்றிரவே கொல்லப்பட்டான்' என்று
ஓரத்தில் பொடி எழுத்து.
அடுத்த வாரம் குதிரை, கோட்டை, முத்தம்.
அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.
முகமே காட்டாமல் ஒருவனைச்
சாகடிக்கலாமா?

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
தோலில் கோடு போட வெள்ளிப் பேனா கொடுப்பார்கள்.
துடைத்தால் போய்விடும் மை.
கழித்துப்போட்ட இன்சோல் அட்டையில்
சாப்பாட்டு நேரத்தில் மிஞ்சிய இருபது நிமிடத்தில்
அவனுக்கு ஒரு முகம் போட்டேன்.
மூக்கு மட்டும்
சூப்பர்வைசர் தெய்வசிகாமணியுடையதாக வந்துவிட்டது.
தினம் எட்டு மணி நேரம் பார்க்கிற மூக்கு,
என்ன செய்ய.

டிபன் ரூமில் தண்ணீர் கேனுக்கு மேலே
செலோடேப் போட்டு ஒட்டினேன்.
என் பெயர் எழுதவில்லை.

"இவனுக்கு ஒரு மக இருக்கணும்,
இல்லன்னா ராத்திரி யாருக்காகத் திரும்புவான்?"
என்றாள் கமருன்னிசா.
அடுத்த அட்டையில் மகள் வந்தாள்,
ஒழுகும் மூக்கோடு.
எஸ்தர் பூங்கோதை துடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்:
"இது தோசைக் கரண்டி."
உண்மைதான்.
பாலாற்றங்கரையில் பிறந்தவள்
படகை எங்கே கண்டேன்?
மணல் லாரிதான் எங்கள் ஆற்றில் போய்வந்தது.
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
வேலூரைக் கேலி பேசுகிறவர்கள்
இவனையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஏழாவது அட்டையின் அடியில்
பச்சை மையில் இரண்டு வரி:

கரை இரண்டும் என்னைக் கூப்பிடுகின்றன.
நடுவில்தான் எனக்குப் பசிக்கிறது.

மூன்று முறை படித்தேன்.
ரிஜிஸ்டரில் ஒவ்வொரு கையெழுத்தாகத் தேடினேன்.
அப்படி வால் நீண்ட 'ந' ஒருவருக்கும் இல்லை.
கிளீனிங் ஆளா, கேட் ஆளா,
தோல் இறக்க வந்து போன லாரிக்காரனா.

அன்றிலிருந்து அடியில்
இரண்டு விரல் இடம் விட்டு வரைகிறேன்.
சில நாள் பச்சை வரி இருக்கும்.
சில நாள் ரசக் கறை.
ஒருநாள் வேறு யாரோ பென்சிலில்:
'பாப்பாவுக்குச் செருப்பு போடுங்க.'
வெட்கமாகப் போயிற்று.
ஷிப்டுக்கு முந்நூறு ஜோடி தைக்கிற கை
அவளை வெறுங்காலோடு மணலில் விட்டிருக்கிறது.

தொடர் முடிந்துவிட்டது.
இளவரசிக்குப் பட்டாபிஷேகம், முழுப் பக்கம், கலரில்.
நான் அதைக் கிழித்து
முறுக்கு மடித்துக் கொடுத்தேன்.

ஐப்பசி கடைசியில் ஆறு வந்தது.
கம்பெனி பஸ் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட,
எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.
நான் தண்ணீர் மடிகிற விதத்தைப் பார்த்தேன்.
இத்தனை நாளும்
புடவைக் கொசுவம் மாதிரி வரைந்திருக்கிறேன்.
இதுவோ, டேனரி ட்ரம்மிலிருந்து இழுத்துப்போட்ட ஈரத்தோல்,
தன் கனத்திலேயே சுருண்டு
தன் மேலேயே விழுகிறது.

"இதுல எறங்குவானா உன் ஆளு?"
"இன்னிக்கு லீவு போட்டிருப்பான்."
பஸ் ஜன்னல்கள் முழுக்கச் சிரிப்பு.

மறுநாள் புது அட்டை ஒட்டினேன்.
தண்ணீர் மட்டும்தான்.
படகு ஓரத்தில், பாதி வெளியே.
டீ கிளாஸோடு அதன் முன்னால் நின்றார் தெய்வசிகாமணி.
அட்டை வீணாகுது, கிழி என்பார் என்று
பிளேடைத் தேடி எடுத்துவிட்டேன்.
அவர் பாக்கெட்டில் இருந்தது நீலப் பேனா.
அதையும் பார்த்துக்கொண்டேன்.

ஏதோ யோசனையில் மூக்கைத் தேய்த்தார்.
"அந்தப் பொண்ணு
நீச்சல் கத்துக்கிச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்."

சங்கு ஊதிவிட்டது.
டீயைக் குடிக்காமலே நின்றார்.